பூசை இல்லாத பாம்புகள்

சிவமொக்காவிலிருந்து தீர்த்தஹள்ளி வழியாக ஆகும்பே போகிற பஸ்ஸில், ஜூலை மாதத்தில் ஜன்னலோர இருக்கைக்கு யாரும் முண்டியடிப்பதில்லை. கண்ணாடி நெடுக நீர் வழிந்துகொண்டே இருக்கும். அந்தப் பக்கம் பச்சையாக ஏதோ இருக்கிறது என்று தெரியும். பாக்குத் தோப்பா, நடவு முடிந்த வயலா, காடா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தீர்த்தஹள்ளியில் துங்கை ஆறு செம்மண் கலந்து ஓடுகிறது. குவெம்பு வளர்ந்த குப்பளி இந்தத் தாலுகாவில்தான். அவருடைய எழுத்தில் மலைக்கும் மழைக்கும் ஏன் அத்தனை இடம் என்பதற்கு இந்த பஸ் பயணமே போதும்.

ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னைக்குக் கிடைப்பது சுமார் 1,400. உயரம் என்னவோ 650 மீட்டர்தான். ஊட்டியையோ கொடைக்கானலையோ நினைத்துக்கொண்டு கம்பளி எடுத்துப் போகிறவர்கள் அதைப் பையிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டுவரலாம். குளிர் இல்லை, ஈரம் மட்டும் இருக்கிறது. போட்ட சட்டை காயாது, தீப்பெட்டி நமத்துப் போகும், தோல் செருப்பில் இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். தவளைகளுக்கும் அவற்றைத் தின்கிற பாம்புகளுக்கும் இதைவிட நல்ல ஊர் அமையாது.

தொலைக்காட்சியில் ‘மால்குடி டேஸ்’ பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த ஊர் வேறு காரணத்தால் தெரியும். ஆர். கே. நாராயணின் கற்பனை ஊருக்குச் சங்கர் நாக் தேர்ந்தெடுத்த நிஜ ஊர் இது. அந்தத் தொடரில் வந்த ‘தொட்டமனெ’ என்ற பெரிய வீட்டைப் பார்க்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். மேற்கே சோமேஸ்வரம் பக்கம் இறங்கும் கணவாயில், வானம் தெளிந்த மாலைகளில் அரபிக்கடலில் சூரியன் இறங்குவது தெரியுமாம். ஜூலையில் போகிறவனுக்கு அந்தப் பேறு இல்லை.

பாம்புக்காக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாம்பைக் கேட்டுத்தான் வருகிறார்கள். ராஜ நாகம். சென்னைப் பாம்புப் பண்ணையை உருவாக்கிய ரோமுலஸ் விட்டேக்கர், ராஜ நாகத்துக்காகவே இங்கே மழைக்காடு ஆய்வு நிலையம் ஒன்றை 2005-இல் தொடங்கினார். ஆசியா முழுக்க ஒரே இனம் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட ராஜ நாகத்தை 2024-இல் நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்குரியதற்குக் ‘காளிங்கா’ என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்துவிட்டார்கள். நியாயமான காரியம்.

நான் ராஜ நாகத்தைத் தேடிப் போகவில்லை. மற்ற பாம்புகளைப் பார்க்கப் போனேன். கடித்தால் ஒன்றும் ஆகாத, பெயர்கூடச் சரியாகத் தெரியாத, ஆனால் நாள் தவறாமல் அடிபட்டுச் சாகிற பாம்புகளை. இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாம்பினங்கள் இருக்கின்றன. மனிதனுக்கு ஆபத்தான நஞ்சுள்ளவை அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மிச்சமுள்ள கூட்டம் அந்தச் சிறுபான்மையின் பெயரால் அடி வாங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலைநாட்டிலும் கீழே உடுப்பிக் கரையிலும் நாகபனம் என்ற சின்னச் சின்னச் சோலைகள் உண்டு. நாகக் கற்களை நட்டு, மரம் வெட்டாமல் காத்து, நாகர பஞ்சமிக்குப் பால் ஊற்றுகிறார்கள். நம்மூரில் புற்றுக்கு முட்டையும் பாலும் வைப்பதற்கு இது ஒன்றும் குறைந்ததல்ல. அதனால் நாகத்தையும் காளிங்கனையும் அடிக்க இங்கே கை எழும்பாது. வீட்டுக்குள் வந்தால் ஆளைக் கூப்பிட்டுப் பிடித்துக் காட்டில் விடச் சொல்வார்கள். அதே வீட்டுக்காரர் குளியலறைச் சுவரில் ஒரு முழ நீளப் பாம்பு ஊர்ந்தால் துடைப்பத்தின் அடிக்கட்டையைத் தேடுவார். பூசையும் இல்லை, நஞ்சும் இல்லை என்றால் அந்தப் பாம்புக்குக் கேட்பார் இல்லை.

நான் தங்கிய வீட்டின் சுவரிலேயே அப்படி ஒன்றைப் பார்த்தேன். செம்புரைக்கல் சுவர், மேலே நாட்டு ஓடு. ராத்திரி சாப்பாடு முடிந்து திண்ணைக்கு வந்தபோது, விளக்குக்கு அருகே பல்லி பிடிக்கக் காத்திருந்தது. பழுப்பு உடம்பு, குறுக்கே வெளிறிய வளையங்கள். வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து, ‘கட்டு ஹாவா?’ என்றார். கட்டுவிரியனா என்பது கேள்வி. வழிகாட்டியாக வந்திருந்த இளைஞர் சில காலம் பெங்களூரில் தமிழர்களோடு வேலை பார்த்தவர். ‘இல்லம்மா’ என்று அவருக்குக் கன்னடத்தில் பதில் சொல்லிவிட்டு, ‘சார், கிட்ட வாங்க, தொடாதீங்க, பாருங்க’ என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.

தமிழில் இதை வெள்ளிக்கோல் வரையன் என்பார்கள். ஓநாய்ப் பாம்பு என்றும் பெயர் உண்டு, முன்பல் நீண்டிருப்பதால். கட்டுவிரியனோடு இதைக் குழப்பிக்கொள்ளாத ஊரே கிடையாது. இரண்டுக்கும் வளையம் உண்டு, இரண்டும் ராத்திரியில் நடமாடும், இரண்டும் வீட்டுக்குள் வரும். ஆனால் வளையத்தின் போக்கு வேறு. வரையனுக்குக் கழுத்திலேயே தொடங்குகிறது. முதல் வளையம் அகலமாகவும் பளிச்சென்றும் இருக்கும், வாலை நோக்கிப் போகப் போக மங்கி, கடைசியில் இருக்கிறதா என்றே தெரியாது. கட்டுவிரியனுக்கு நேர் எதிர். தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வெறும் கருப்பு. பிறகு மெல்லிய வெள்ளைக் கோடுகள், பல இடங்களில் இரண்டிரண்டாக, வால் பக்கம் இன்னும் தெளிவாக. கருநீலப் பளபளப்பு. வரையனுக்குத் தலை தட்டை, கண் சற்றே பிதுங்கியிருக்கும். செங்குத்துச் சுவரில் ஏறுவது அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடு போகிற பிராணி.

திண்ணையில் பார்த்ததற்கு முதுகுத்தண்டின் மேல் வரிசைச் செதில்களும் மற்ற செதில்களும் ஒரே அளவில் இருந்தன. கட்டுவிரியனுக்கு அந்த நடு வரிசை மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். இந்த அடையாளத்தைப் பல புத்தகங்கள் முதலில் சொல்கின்றன. ‘இதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க சார்’ என்றார் இளைஞர். அவர் சொன்னது சரி. பூனைப் பாம்புக்கும் கொம்பேறி மூக்கனுக்கும்கூட நடு வரிசைச் செதில் பெரிதுதான். போதாததற்கு, வயதான கட்டுவிரியன்களில் வளையமே மங்கிப்போய் முழுக் கருப்பாக இருப்பவையும் உண்டு.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வதற்கு வேறொரு அவசியமும் இருக்கிறது. கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலி தெரியாது. வீக்கம் வராது. தரையில் படுத்துத் தூங்குகிறவர் எதுவோ கடித்தது என்று புரண்டு படுப்பார். விடிகாலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை தானாகச் சரியும், பேச்சுக் குழறும். சுவரில் பார்த்தது வரையன் என்று நிச்சயமாகத் தெரியாதவரை, ‘அது ஒண்ணும் பண்ணாது’ என்று சொல்லிவிட்டுப் பாயை விரிப்பவன் முட்டாள். விளக்கைப் போட்டு, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு படுப்பவனுக்கு இரண்டு பாம்பும் ஒன்றுதான்.

மறுநாள் இரவு ஓடையோரம் நடந்தோம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அதையும் மீறி அட்டை ஏறுகிறது. அதற்கு உப்பும் மூக்குப்பொடியும் கையில். மழைக்காலத்து இரவில் மலபார் குழிவிரியனைப் பார்க்காமல் இந்தக் காட்டில் திரும்பி வருவது அபூர்வம். ஒரே இனம்தான், பச்சையில் ஒன்று, பழுப்பில் ஒன்று, ஆரஞ்சு கலந்த மஞ்சளில் ஒன்று என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஓடைப் பாறையிலோ தாழ்ந்த கிளையிலோ சுருண்டு உட்கார்ந்துவிட்டால் நாள் கணக்கில் அசையாது. இது கடித்துச் செத்தவர்கள் மிக அரிது. ஆனால் வலியும் வீக்கமும் ஆளை நன்றாகப் படுத்திவிடும். இதைவிட மோசமானது தரையில் சருகோடு சருகாகக் கிடக்கும் மூக்கு நிமிர்ந்த குழிவிரியன். ஒரு சாண் ஒன்றரைச் சாண் நீளம், காய்ந்த இலை நிறம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பேருக்கானது மட்டுமே. இந்தக் குட்டையனுக்கு அது கேட்காது.

நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த ஒரே விதி, ‘தலை முக்கோணமாக இருந்தால் விஷம்’ என்பது. ஆகும்பே ஓடையில் இந்த விதியைத் தூக்கி எறிந்துவிடலாம். குழிவிரியனுக்குத் தலை முக்கோணம், கண்பாவை செங்குத்துக் கோடு, சரி. அதே ஓடைக்கு மேல் கிளையில் தவளை தேடிப் போய்க்கொண்டிருந்த பூனைப் பாம்புக்கும் தலை முக்கோணம், கண்பாவை செங்குத்துக் கோடு. அதன் லேசான நஞ்சு பல்லி ஓணானுக்கு எட்டும், மனிதனுக்கு எட்டாது. மறுபக்கம், கட்டுவிரியனுக்கும் பவழப் பாம்புக்கும் தலையும் கழுத்தும் ஒரே அகலம்; முக்கோணம் தேடுகிறவன் அவற்றைக் கையில் எடுத்துவிடுவான். இந்த விதி பாம்பையும் கொல்கிறது, ஆளையும் கொல்கிறது. எந்தப் பள்ளிப் பாடத்திலிருந்து கிளம்பியதோ, அங்கேயே திரும்பிப் போகட்டும்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? பூனைப் பாம்பு ஒல்லி. நீண்ட உடம்பில் பெரிய தலையும் அளவுக்கு மிஞ்சிய கண்ணும் இருக்கும். குழிவிரியன் குட்டை, தடிமன், வால் சட்டென்று முடியும். குழிவிரியன் கிடக்கும், பூனைப் பாம்பு அலையும். நல்ல கேமராவில் எட்ட நின்று படமெடுத்துப் பெரிதாக்கினால் குழிவிரியனின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே இன்னொரு குழி தெரியும். இரையின் உடல் சூட்டை அறிவதற்கான குழி அது. தலையின் மேல் பெரும்பாலும் பொடிப் பொடிச் செதில்கள். பூனைப் பாம்புக்கு அந்தக் குழி இல்லை. தலையில் பெரிய தகடுகளாகச் செதில். ஒரே அடையாளத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. உடம்பு, நடை, இடம், நேரம் எல்லாம் ஒன்றையே சொன்னால்தான் பெயர் வைக்க வேண்டும்.

பச்சைப் பாம்பை அதே பாதையில் மறுநாள் காலையில் பார்த்தேன். மழை சற்று ஓய்ந்து, மூங்கில் புதரில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இளைஞர் விரலால் காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கொடி மட்டும் காற்றுக்கு முந்தி ஆடியது. நம்மூரில் இதற்குக் கண்கொத்திப் பாம்பு என்று பெயர் வைத்து, கண்ணைக் குறிவைத்துத் தாவும் என்று கதையும் கட்டிவிட்டோம். கண்ணுக்கு உரிமை கொண்டாட இதற்குத் தகுதி உண்டு. ஆனால் அது தன் கண்ணுக்கு. பெரும்பாலான பாம்புகளுக்கு வட்டமாகவோ செங்குத்தாகவோ இருக்கும் பாவை இதற்குப் படுக்கைவாட்டில், சாவித் துவாரம் போல நீண்டிருக்கிறது. கூர்ந்த மூக்கின் இரு பக்கமும் கண்ணிலிருந்து நுனி வரை ஒரு பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தின் வழியே இரண்டு கண்ணாலும் ஒரே பொருளை நேராகப் பார்க்கிறது. ஓணான் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட அதற்கு இது வேண்டும்.

இன்னும் ஒரு அடி நெருங்கியதும் உடம்பை உப்பவைத்தது. செதில்கள் விலக, நடுவே கருப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகத் தோல் தெரிந்தது. வாயைத் திறந்து அப்படியே நின்றது. உள்ளே இளஞ்சிவப்பு. அவ்வளவுதான் அதன் மிரட்டல். கடைவாயில் உள்ள நஞ்சு ஓணானுக்குப் போதும். மனிதனுக்கு வீக்கத்தோடு போய்விடும். இதுவும் ஒரே இனம் என்று நம்பியிருந்ததை 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் பிரித்து, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பல பச்சைப் பாம்புகள் என்று காட்டினார்கள். பழைய பெயருக்குரியது இலங்கையில் மட்டும் மிஞ்சியது. பத்தடி தள்ளி நின்ற எனக்கு அந்த வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பாம்புக்கும் அதைப்பற்றிக் கவலை இருப்பதாகத் தோன்றவில்லை.

பச்சையில் இன்னொன்றும் தரையில் நடமாடும். பருத்த உடம்பு, புல் நிறம், தேரை தின்னி. குட்டியாக இருக்கும்போது கழுத்தில் கருப்பும் மஞ்சளுமாக அடையாளம். கொடி போல் ஒல்லியாக இல்லாததால் இதைக் குழிவிரியன் என்று அடித்துவிடுகிறார்கள். மரத்தில் ஏறாமல் புல்லுக்குள் பகலில் போகிற தடித்த பச்சைப் பாம்பு என்றால் பெரும்பாலும் இந்தச் சாதுதான். ஆனால் இந்த ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி யாரும் கையை நீட்ட வேண்டாம்.

ஊருக்கு வெளியே ஒரு பாக்குத் தோப்பு. ஜூலையில் பாக்குக்காரர்களுக்கு ஒரே பேச்சு, கொளெ ரோகம். மழை ஈரத்தில் காய் அழுகி உதிரும் நோய். நீலநிறப் போர்டோ கலவையை மழை விடும் இடைவெளியில் குலைக்குக் குலை அடித்தாக வேண்டும். தோப்புக்காரர் பாளைத் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். விறகுக் கொட்டகையில் சாரைப்பாம்பு இருக்கிறதா என்று இளைஞர் கேட்டார். ‘கேரெயா, அது எப்போதும் இருக்கும். எலி தின்னும்’ என்றவர், தன் கவலையை அடுத்துச் சொன்னார்: ‘கேரெ இருந்தால் அதைத் தேடிக் காளிங்கன் வந்துவிடுவான்.’

ராஜ நாகத்தின் உணவு பெரும்பாலும் பாம்புதான்; அதிலும் சாரை என்றால் விருப்பம். எலி சாரையைக் கொண்டுவருகிறது, சாரை காளிங்கனைக் கொண்டுவருகிறது. கொட்டகையில் எலி சேர விடாமல் வைத்துக்கொள்வதே இதற்கு மருந்து என்று தோப்புக்காரருக்கும் தெரியும். நெல் மூட்டையைச் சுவரை விட்டுத் தள்ளி, பலகை மேல் அடுக்கியிருந்தார். சாரையை அடிக்க அவருக்கு மனமில்லை. மலைநாட்டில் நான் கேட்டவற்றிலேயே எனக்குப் பிடித்த பேச்சு இது: பயமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது, அடி இல்லை.

சாரையை நாகம் என்று எண்ணி அடிப்பதுதான் நம்மூரில் அதிகம். நீளம், நிறம், வேகம் எல்லாம் சேர்ந்து குழப்புகின்றன. சாரைக்குக் கண் பெரிது, பாவை வட்டம். உதட்டோரச் செதில்களின் இடுக்கில் கருப்புக் கோடுகள் நிற்கும். தலையைவிடக் கழுத்து ஒடுங்கியிருக்கும். உடம்பின் பின்பாதியில் கருப்பு வலை. மூலையில் மடக்கினால் கழுத்தைப் பக்கவாட்டில் அல்ல, மேலும் கீழுமாக உப்பவைத்து உறுமும்; படம் விரிக்காது. நல்ல பாம்பு படமெடுக்காமல் போகும் நேரங்களே அதிகம் என்பதால், படம் இல்லை என்பதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ராஜ நாகத்துக்கோ உச்சந்தலைக்குப் பின்னால் இரண்டு பெரிய தகடுகள் இருக்கும்; வேறு எந்தப் பாம்புக்கும் அவை இப்படி எடுப்பாக அமைவதில்லை.

சாரையும் நாகமும் பிணையும் என்ற கதை கன்னடத்திலும் உண்டா என்று கேட்டேன். உண்டு என்று சிரித்தார் தோப்புக்காரர். சாரை ஆண், நாகம் பெண் என்று தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் சத்தியம் செய்வார்கள். பார்த்ததாகவும் சொல்வார்கள், பார்த்ததில் பொய் இல்லை. இரண்டு சாரைகள் உடம்பைப் பின்னி, தலையைத் தூக்கி, ஒன்றை ஒன்று தரையில் அழுத்தப் பார்க்கும். அது ஆணும் ஆணும் நடத்துகிற மல்யுத்தம். பெண் சாரை பக்கத்தில் எங்கோ இருக்கும். நாகத்துக்கு அங்கே வேலையே இல்லை. கொம்பேறி மூக்கனுக்கு நாம் கட்டிய கதை இன்னும் அநியாயம்: கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறி, புகை வருகிறதா என்று பார்க்குமாம். செப்பு நிறக் கோடு போட்ட, ஓணானும் தவளையும் தின்று பகலில் மரத்தில் திரிகிற, துளியும் நஞ்சில்லாத பாம்பு அது. சுடுகாட்டு மரத்தில் இருந்தால் அங்கே ஓணான் இருக்கிறது என்று அர்த்தம்.

தோப்பிலிருந்து திரும்பும் வழியில், நாற்று நட்ட வயலின் மடையில் ஒரு தண்ணீர்ப் பாம்பு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. உடம்பு நெடுகச் சதுரங்கக் கட்டம், கண்ணுக்குக் கீழே இரண்டு கருப்புக் கோடுகள் சாய்வாக. இது நஞ்சில்லாதது, ஆனால் நல்லவன் என்று எண்ணிப் பிடித்தால் விடாமல் கடிக்கும். கழுத்தைத் தட்டையாக்கித் தூக்கும்போது நாகம் என்றே தோன்றும். வெள்ளக் காலத்தில் சென்னைத் தெருக்களில் அடித்துக் கொல்லப்படுபவற்றில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் அனுமானம்.

தார்ச்சாலையில் இரண்டு இடத்தில் சக்கரம் ஏறி நசுங்கிக் கிடந்தவை வேறு ரகம். கேடயவால் பாம்புகள். பென்சில் பருமன், வால் நுனியைக் கத்தியால் சாய்வாகச் சீவிவிட்டாற்போல் இருக்கும். மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழு தின்கிற இவை மழை நீர் நிரம்பும்போது மேலே வருகின்றன. தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. தொட்டால் தலையை உடம்புச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு வாலை நீட்டும். கடிக்க வாயே போதாது. இதைப் பார்த்து, ‘ரெண்டு தலைப் பாம்பு’ என்று லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைக்காமல் போகிறார்கள். பூந்தொட்டியில் மண்புழு என்று நாம் நினைத்துவிடும் செவிப்பாம்பும் இந்த அப்பாவிகளின் கணக்கில்தான். காதுக்குள் புகுந்துவிடும் என்று பேர் வாங்கியது. எறும்பு முட்டையும் கரையானும் தவிர அதற்கு எதிலும் நாட்டமில்லை. இந்த இனத்தில் ஆணே கிடையாது. பெண் மட்டும் முட்டையிட்டு, தொட்டி மண்ணோடு பயணம் செய்து உலகம் சுற்றிவிட்டது.

எது நஞ்சுள்ளது, எது இல்லாதது என்ற கேள்வி பழையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையாளர் பாட்ரிக் ரஸல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-இல் பெரும் நூல் வெளியிட்டபோது அவருக்கும் அதுவே தலையாய கேள்வி. கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் அவர் இன்றும் இருக்கிறார். இப்போது களத்தில் பையோடு வருகிறவர்கள் கையில் இருப்பது விட்டேக்கரும் அசோக் கேப்டனும் சேர்ந்து எழுதி 2004-இல் வந்த வழிகாட்டி. புத்தகம் இல்லாமலே இதைச் செய்தவர்கள் நம் இருளர்கள். தடத்தையும் உரித்த சட்டையையும் பார்த்தே எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆகும்பே இளைஞருக்கு அந்தச் செய்தி தெரிந்திருந்தது. பெயர்களைச் சரியாகச் சொன்னார்.

இத்தனை அடையாளம் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாம்பை அடையாளம் காண்பது அடிக்காமல் விடுவதற்கு உதவும்; கடித்த பிறகு வைத்தியம் தீர்மானிக்க அதை நம்பி உட்காரக் கூடாது. இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. ‘அது சாரைதான்’ என்று ஊரில் யாராவது பெரியவர் சொல்லிவிட்டதால் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் அந்தக் கணக்கில் இருப்பார்கள். கடித்த பாம்பை அடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். மருத்துவர் பாம்பைப் பார்க்காமலே முடிவெடுக்க முடியும். இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் வகை நஞ்சு ஏறியிருக்கிறது. இமை சரிகிறதா, மூச்சு திணறுகிறதா என்று பார்ப்பது நாகம், கட்டுவிரியன் வகைக்கு. கர்நாடகம் 2024 பிப்ரவரியிலும் தமிழ்நாடு அதே ஆண்டு நவம்பரிலும் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்துவிட்டன.

ஆகும்பே போக நினைப்பவர்கள் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் போங்கள். மற்ற மாதங்களில் ஊர் அழகாக இருக்கும், பாம்பும் தவளையும் குறைவாகத் தெரியும். ரப்பர் பூட்ஸ், தலையில் மாட்டும் டார்ச், இரண்டு செட் அதிகத் துணி. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பைக் கையில் பிடித்துப் படமெடுத்துத் தருகிறேன் என்கிற வழிகாட்டியோடு போகாதீர்கள், அது சாரையே ஆனாலும். போகாதவர்கள் தங்கள் ஊரில் இருக்கும் நாலு நஞ்சுப் பாம்பையும் அவற்றின் ஜாடையில் இருக்கும் அப்பாவிகளையும் ஒரு மழைக்காலத்துக்குள் பழகிக்கொள்ளலாம். அதுவரை, வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்புத் துறைக்கு 101, கடித்துவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டு எண்ணையும் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள்.